மாணவர் குறும்படமும் பாட்டுக்கான அனுமதியும்

மைசூருப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்திரி வளாகத்திலும் மற்ற கல்லூரிகளிலும் இதழியல் படிக்கும் மாணவர்கள் எடுக்கும் குறும்படத்தில் சினிமாப் பாட்டைச் சேர்த்தால் குற்றமா? வகுப்புக்குள் பெரும்பாலும் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரும் மாணவரும் ஒரு படைப்பைப் பிரதியெடுக்க இடம் தருகிறது. மாணவர், ஆசிரியர், பெற்றோர் பார்க்கும் கல்லூரித் திரையிடலையும் ஏற்கிறது. பாடநூல் பகுதிகளை நகலெடுத்தது பற்றிய டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தச் சலுகைக்கு விரிந்த பொருளே தந்தது. ஆனால் அதே படம் யூடியூபில் ஏறும்போது பார்ப்பவர் ஊர் உலகம் முழுவதும்; சலுகை அங்கே துணைக்கு வராது. எனவே பாட்டுக்கான அனுமதியைத் திரைக்கதை எழுதும்போதே தேடத் தொடங்க வேண்டும்.

பத்து விநாடிதானே, காசு பார்க்கவில்லையே, நன்றி போட்டோமே என்ற வாதங்கள் கைகொடுக்காது. இத்தனை விநாடி இலவசம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. பெயர் போடுவது அனுமதி ஆகாது. தெரிந்தே மீறுவோருக்கு 63ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம், அவ்வளவுதான். 2022இல் கேஜிஎஃப் 2 படப் பாட்டை ஓர் அரசியல் நடைப்பயணக் காணொளியில் சேர்த்ததாக எம்ஆர்டி மியூசிக் நிறுவனம் வழக்குத் தொடுத்தபோது, பெங்களூரு நீதிமன்றம் அதை வெளியிட்ட ட்விட்டர் கணக்குகளையே முடக்கச் சொன்னது. காணொளியை நீக்கும் நிபந்தனையோடுதான் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. மாணவர்மேல் வழக்கு வருவது அரிது என்பது உண்மை. ஆனால் 90 நாளில் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கை வந்தால் யூடியூப் சேனலே போய்விடும். வேலை தேடும்போது காட்ட வைத்திருந்த படங்களும் அதோடு போகும்.

இவ்வளவு கெடுபிடியில் இசையே சேர்க்க முடியாதே என்று கேட்கலாம். மைசூருவில் அந்தக் கவலை வேண்டாம். இசையமைத்தவர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் அவர் படைப்பு பொதுச்சொத்து. 1961இல் மறைந்த மைசூர் வாசுதேவாச்சாரியாரின் கீர்த்தனைகள் 2022 முதல் அப்படித்தான். 1974இல் மறைந்த ஜெயசாமராஜ உடையாரின் கீர்த்தனைகளுக்கோ 2034 முடியும்வரை உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை இருப்பதால், பழைய கீர்த்தனையின் புதிய ஆல்பத்தை அனுமதியின்றி எடுத்தாள முடியாது. ஊரிலேயே கங்குபாய் ஹங்கல் இசைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிப்பவரைப் பாடவைத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கினால் போதும். யூடியூப் ஒலி நூலகமும் கிரியேட்டிவ் காமன்ஸ் இசையும் உண்டு. ஆனால் மாற்றக்கூடாது என்ற நிபந்தனையுள்ள இசையைக் காட்சியோடு பொருத்துவதே மாற்றமாகும். உரிமத்தைப் படித்துவிட்டே எடுக்க வேண்டும்.

ஏற்றிய படத்தின் இசைக்கு யூடியூபில் உரிமைகோரல் வந்துவிட்டால் பதற்றம் வேண்டாம். கையில் அனுமதிக் கடிதம் இருந்தால் யூடியூபிலேயே மறுப்புத் தெரிவிக்கலாம். இல்லையென்றால் பாட்டை நீக்கி வேறு இசை சேர்க்கலாம். கல்லூரிகள் செய்ய வேண்டியது, படத்தோடு இசை அனுமதிப் படிவத்தையும் கேட்டு அதற்கு மதிப்பெண் தருவதுதான். மாணவர் எடுத்த படத்துக்கும் பதிவு செய்யாமலே இதே சட்டம் பாதுகாப்புத் தருகிறது. நாளை அதை யாரேனும் கேட்காமல் எடுத்தால் தட்டிக் கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு. அதை முதல் வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டும்.