மாடிப்படிக்குக் கீழே வந்துவிட்டது ‘பெட்ரோல் பங்க்’! வீட்டில் சார்ஜ் ஏறும் ஸ்கூட்டர்கள்: கொஞ்சம் அசந்தால் உயிருக்கே ஆபத்து!

சென்னைத் தெருக்களில் பச்சை நம்பர் பிளேட் வண்டிகள் பெருகிவிட்டன. சத்தம் இல்லை. புகை இல்லை. பின்னால் வந்து நின்றால்கூடத் தெரிவதில்லை. “அட, இது எப்போ வந்துச்சு?” என்று திடுக்கிட்டு வழி விடுகிறார்கள்.

பகலில் இந்த வண்டிகள் எங்கே போகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். இரவில் எங்கே இருக்கின்றன?

மாடிப்படிக்குக் கீழே! வாசல் நடையில்! மாடி ஜன்னலில் இருந்து தொங்கும் வயரில் சார்ஜ் ஏறியபடி நிற்கின்றன. வீடு முழுவதும் தூங்குகிறது.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மதுரவாயல் சோகம்

2025-ம் ஆண்டு மார்ச் மாதம். சென்னை மதுரவாயலில் ஒரு குடியிருப்பின் தரைத்தளத்தில் எலக்ட்ரிக் பைக் ஒன்று சார்ஜ் போடப்பட்டு இருந்தது. திடீரென்று அது தீப்பிடித்தது. 9 மாதக் கைக்குழந்தை பரிதாபமாக இறந்தது. குழந்தையின் பெற்றோரும் தீக்காயம் அடைந்தார்கள். அந்தத் தெருவே அழுதது.

அதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்பு, 2022 மார்ச்சில், வேலூரிலும் இதே கதைதான். புதிதாக வாங்கிய ஸ்கூட்டர். இரவில் வீட்டில் சார்ஜ் போட்டார்கள். வண்டி எரிந்தது. வீட்டுக்குள் புகை சூழ்ந்தது. தந்தையும், பள்ளியில் படித்த மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

இரண்டு இடத்திலும் வண்டி ரோட்டில் ஓடவில்லை. யார் மீதும் மோதவில்லை. சும்மா நின்று, சார்ஜ் ஏறிக்கொண்டு இருந்தது. அவ்வளவுதான்!

ஏன் மாறுகிறார்கள்?

மின்சார வண்டி வாங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் விலை லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. மாதச் சம்பளக்காரர்கள் மலைத்துப் போனார்கள். 90 கிலோமீட்டர் போக பெட்ரோல் ஸ்கூட்டருக்கு சுமார் 2 லிட்டர் வேண்டும். மின்சார ஸ்கூட்டருக்கு 3 யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக கரண்ட் போதும். கூடிப் போனால் 40 ரூபாய். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்களுக்கு இந்த மிச்சம்தான் வீட்டு வாடகை.

2024-25 நிதி ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 11 லட்சத்துக்கு மேல் மின்சார இருசக்கர வண்டிகள் பதிவாகின.

சென்னைக்குக் கரண்டில் ஓடும் வண்டி புதிதும் அல்ல. 1895-ம் ஆண்டிலேயே இங்கு மின்சார டிராம் ஓடியது. 1953-ல் அது நின்றது. 2025 ஜூன் 30-ந் தேதி வியாசர்பாடி டெப்போவில் இருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. பஸ்சுக்கு சார்ஜ் போட டெப்போ இருக்கிறது. கவனிக்க ஆள் இருக்கிறது. வீட்டு ஸ்கூட்டருக்கு? மாடிப்படிதான் டெப்போ!

தீ எப்படிப் பிடிக்கிறது?

மின்சார வண்டியின் பேட்டரி ஒரே கட்டை அல்ல. உள்ளே பல சின்னச் சின்ன ‘செல்’கள் அடுக்கப்பட்டு இருக்கின்றன. வண்டி கீழே விழுந்து அடிபட்டாலோ, உள்ளே தண்ணீர் புகுந்தாலோ, செல் மட்டமானதாக இருந்தாலோ, சேராத சார்ஜரைப் போட்டாலோ, ஒரு செல் கெடுகிறது. கெட்ட செல் கொதிக்கிறது. அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்குத் தாவுகிறது. அது அடுத்ததற்குத் தாவுகிறது. பிறகு யாராலும் நிறுத்த முடியாது.

இந்தத் தீயை மூட்ட வெளியே இருந்து தீக்குச்சி வேண்டாம். அதில் இருந்து வரும் புகை விஷம். அணைத்துவிட்டோம் என்று நினைத்தால், சில மணி நேரம் கழித்து மறுபடியும் பற்றிக்கொள்ளும். அதனால்தான் தீயணைப்புப் படையினர் எரிந்த பேட்டரி மீது தொடர்ந்து தண்ணீர் அடித்துக் குளிர வைக்கிறார்கள்.

பெட்ரோலும் தீப்பிடிக்கும் பொருள்தானே? ஆமாம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நாம் தூங்கும்போது பெட்ரோல் வண்டியும் தூங்குகிறது. மின்சார வண்டி அப்போதுதான் வேலை செய்கிறது!

பங்க்கில் ஒரு சட்டம், வீட்டில் ஒரு சட்டமா?

பெட்ரோல் பங்க்கில் என்ன செய்கிறார்கள்? என்ஜினை அணைக்கச் சொல்கிறார்கள். சிகரெட் கூடாது என்கிறார்கள். வாளியில் மணல் வைத்து இருக்கிறார்கள். தீயணைக்கும் சிலிண்டர் தொங்குகிறது. லைசென்ஸ் இல்லாமல் பங்க் நடத்த முடியாது.

இப்போது அந்தப் பங்க் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் பங்க்கில் இருந்த கட்டுப்பாடு மட்டும் கூட வரவில்லை!

வண்டி தயாரிப்பவர்களுக்குக் கட்டுப்பாடு வந்திருப்பது உண்மை. 2022-ல் அடுத்தடுத்து வண்டிகள் எரிந்த பிறகு மத்திய அரசு பேட்டரி சோதனை விதிகளைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாக அவை அமலுக்கு வந்தன. ஆனால் அதற்கு முன்பு விற்ற வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. 250 வாட்டுக்கு மேற்படாத, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டிக்குப் பதிவே தேவை இல்லை. அவை எத்தனை, எந்த மாடிப்படிக்குக் கீழே நிற்கின்றன என்று எந்த ஆர்.டி.ஓ. ஆபீசிலும் கணக்கு இருக்காது.

வாடகைக்காரர் பாடு

“கீழே ஒரு பாயிண்ட் போட்டுக் குடுங்க சார், காசு தனியா தந்துடறேன்” என்பார் குடியிருப்பவர். “பொது மீட்டர்ல கை வைக்காதீங்க, பில்லு எகிறிடும்” என்பார் வீட்டுக்காரர். வாக்குவாதம் முற்றினால் “வேற வீடு பாத்துக்கோங்க” என்று முடியும். கடைசியில் என்ன நடக்கிறது? இரண்டாவது மாடியில் இருந்து மெல்லிசு வயர் இறங்குகிறது. நடுவில் ஒரு ஒட்டு. அதன் மேல் ஒரு டேப். நுனியில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி. டி.வி.க்கு வாங்கிய வயர் வண்டியின் பாரத்தைத் தாங்குமா? சூடாகி உருகுகிறது!

ஒரு பிளக் பாயிண்டுக்குக் கணக்குப் பார்த்து, ஏழு குடித்தனத்தின் உயிரோடு விளையாடுகிறார்கள். வீட்டுக்காரரும் அதே கட்டிடத்தில்தான் தூங்குகிறார் என்பதை மறந்துவிடுகிறார்.

என்ன செய்ய வேண்டும்?

மாடிப்படிக்குக் கீழேயும், வாசல் வழியிலும் சார்ஜ் போடக் கூடாது. திறந்த வெளியில், சுவர் ஓரமாக, மழை படாத இடத்தில் போட வேண்டும். பக்கத்தில் கேஸ் சிலிண்டர், பெட்ரோல் வண்டி, பழைய பேப்பர்க் கட்டு இருக்கக் கூடாது.

எர்த் உள்ள 15 ஆம்பியர் பிளக் பாயிண்டை எலக்ட்ரீசியனை வைத்துப் போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். வண்டியோடு கம்பெனி கொடுத்த சார்ஜர் மட்டுமே போட வேண்டும். விலை குறைவு என்று வேறு சார்ஜர் வாங்காதீர்கள்.

வெயிலில் ஓட்டி வந்த உடனே சார்ஜ் போடாதீர்கள். அரை மணி நேரம் ஆற விடுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் போட்டு, படுக்கப் போகும்முன் எடுத்துவிடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கியது நினைவு இருக்கும். தண்ணீரில் நின்ற மின்சார வண்டியை சர்வீசில் காட்டாமல் சார்ஜ் போடுவது பெரிய ஆபத்து.

பேட்டரி உப்பினாலோ, வாடை வந்தாலோ, ‘உஸ்’ என்று சத்தம் கேட்டாலோ, கிட்டே போகாதீர்கள். முடிந்தால் மெயினை அணையுங்கள். எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101-க்குப் போன் செய்யுங்கள். படியில் புகை நிறைந்துவிட்டால் கீழே இறங்கப் பார்க்காதீர்கள். கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி அடைத்து, பால்கனியில் நின்று சத்தம் போடுங்கள்.

இன்று இரவு வண்டியை ஸ்டாண்டு போடும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இந்த இடத்தில் இது எரிந்தால், மாடியில் தூங்கும் குழந்தை எந்த வழியாக வெளியே வரும்?

பதில் தெரியவில்லை என்றால், வண்டியை அங்கே இருந்து நகர்த்துங்கள்!