சண்டைக்கும் ஒரு நாள் வேண்டும்

வரப்புப் புல் மஞ்சளாகிக் கிடந்தது. அறுத்த புல்லும் இல்லை, வெயிலில் காய்ந்த புல்லும் இல்லை. பார்த்தவருக்கு உடனே தெரிந்துவிட்டது, களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள் என்று.

பார்த்தவர் எங்கள் குழுக்காரர். அந்த வாழைக்கொல்லைக்குச் சொந்தக்காரரும் எங்கள் குழுக்காரர்தான். இருவரும் மாமன் மச்சான் முறை வைத்துப் பேசிக்கொள்பவர்கள். நேரே போய், "என்ன மச்சான் இது?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. டீக்கடையில் சொன்னார். சாயங்காலம் குழுவின் வாட்ஸ்அப்பில் படத்தைப் போட்டார். பெயர் போடவில்லை. போடாவிட்டால் என்ன, அது யார் வரப்பு என்று எல்லோருக்கும் தெரியுமே!

உய்யக்கொண்டான் வாய்க்கால் பாசனத்தில், அந்தநல்லூர் ஒன்றியத்தில் நாங்கள் ஏழு பேர். வாழையும் நெல்லும் முக்கியப் பயிர். பங்கேற்பு உத்தரவாத முறையில், அதாவது நாம் பி.ஜி.எஸ். என்று சொல்லும் முறையில், சான்று வாங்கியிருக்கிறோம். இந்த முறை உங்களில் பலருக்குத் தெரியும். வெளியிலிருந்து ஆய்வாளர் வருவதில்லை. உன் வயலை நான் பார்க்கிறேன், என் வயலை நீ பார்க்கிறாய், குழு கூடி முடிவு சொல்கிறது. குறைந்தது ஐந்து பேர் இருந்தால்தான் அது குழு.

செலவு குறைந்த, சிறு உழவருக்கு ஏற்ற முறை இது. ஆனால் முதலீடு முழுவதும் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கைதான். அது போனால் சான்றிதழ் வெறும் காகிதம்.

ஒரு வாரத்தில் நாங்கள் இரண்டு அணியாகிவிட்டோம். பருவத்துக்கான வயல் பார்வை நேரம் வந்தது. யாரும் யார் வயலுக்கும் போகவில்லை. மூன்று பேர் விலகப் போவதாகச் சேதி. மூன்று பேர் போனால் மிச்சம் நாலு. குழுவே இல்லை.

வங்கியில் நான் செய்த தவறு

முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் நான். ஒரு கிளையில் மேலாளராக இருந்தபோது, காசாளர் இருவர் ஒரு நாள் கணக்குக் குறைந்ததில் முட்டிக்கொண்டார்கள். பல மாதம் பேச்சே இல்லை. சீட்டு எழுதி அனுப்பி வேலை பார்த்தார்கள். நான் இருவரையும் உட்கார வைத்துக் கேட்கவில்லை. ஒருவருக்கு மாறுதல் வாங்கிக் கொடுத்தேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. மற்ற ஊழியர்கள் அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள்: சண்டை வந்தால் மேலாளரிடம் வாயைத் திறக்கக்கூடாது, திறந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அதே வங்கி வேலையில்தான் அதற்கு மாற்றையும் பார்த்தேன். 1992இல் நபார்டு 500 சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு அது நாடு முழுவதும் பரவியது. கடன் கேட்டு வரும் குழுவிடம் நாங்கள் ஐந்து விஷயம் பார்ப்போம்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், தவறாத தவணை, ஒழுங்கான கணக்கு. சொத்துப் பத்திரம் கேட்பதில்லை. முதலில் பார்ப்பது தீர்மான நோட்டைத்தான்.

நான் பார்த்தவரை, சண்டையே வராத குழு என்று ஒன்று கிடையாது. நிலைத்த குழுக்களின் நோட்டில் சண்டை எழுதியிருக்கும். "இன்னார் இரண்டு தவணை கட்டவில்லை. காரணம் மகன் காய்ச்சல். அடுத்த மாதம் சேர்த்துக் கட்ட ஒப்புதல்." கீழே எல்லோர் கையெழுத்தும் இருக்கும். கலைந்துபோன குழுக்களின் நோட்டுகளோ ரொம்பச் சுத்தமாக இருக்கும். "கூட்டம் சிறப்பாக நடைபெற்றது" என்று மட்டும் எழுதியிருப்பார்கள்.

திருவரங்கத்தில் ஒரு பழைய ஏற்பாடு

வேலையை யார் செய்வது என்பதில் தெளிவில்லாத இடத்தில்தான் பாதிச் சண்டை பிறக்கிறது. நம்ம திருவரங்கம் கோயிலையே பாருங்கள். தினமும் பூ வர வேண்டும், தண்ணீர் வர வேண்டும், தளிகை நேரத்துக்கு ஆக வேண்டும். அங்கே ஐந்து கொத்தாக இருந்த பணியாளர்களை இராமானுசர் பத்துக் கொத்தாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் இன்ன வேலை என்று வகுத்தார் என்று கோயிலொழுகு சொல்கிறது. அந்தச் சீர்திருத்தத்துக்கு எதிர்ப்பு இருந்ததையும் குருபரம்பரைக் கதைகள் மறைக்கவில்லை. பெரிய மனிதர் சொன்னாலும் உடனே எல்லோரும் தலையாட்டிவிடுவதில்லை!

எங்கள் குழுவில் என்ன நிலைமை? அமுதக்கரைசலுக்கு யார் வீட்டுப் பீப்பாய், கணக்கு யார் எழுதுவது, வண்டி வாடகை யார் தருவது, எதற்கும் எழுத்தில் ஒன்றும் இல்லை. "நம்ம ஆளுகதானே" என்று விட்டிருந்தோம். அந்த வரப்புப் புல்லின் அடியில் பழைய வண்டி வாடகைப் பாக்கி ஒன்றும் புதைந்து கிடந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை நீதிமன்றம்

ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரில், தேவாலய வாசலில், ஒவ்வொரு வியாழனும் நண்பகலில் ஒரு நீதிமன்றம் கூடுகிறது. துரியா ஆற்றின் எட்டு வாய்க்கால்களுக்கும் உழவர்கள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர்தான் நீதிபதிகள். வழக்கறிஞர் கிடையாது. எல்லாம் வாய்மொழியாகத்தான். தண்ணீரைத் திருப்பினான், முறை தவறிப் பாய்ச்சினான் என்று வரும் வழக்கை அங்கேயே கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். எந்த வாய்க்காலின் வழக்கோ அந்த வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்வதில்லை. பல நூற்றாண்டு வழக்கம் இது. 2009இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எனக்கு மிகவும் பிடித்தது, வழக்கே இல்லாத வியாழனிலும் அவர்கள் கூடுகிறார்கள் என்பதுதான். சண்டை வந்த பிறகு கூட்டம் போட்டால், கூட்டமே சண்டையின் ஒரு பகுதியாகிவிடும். நாள் முன்பே குறித்திருந்தால் சண்டை அந்த நாளுக்காகக் காத்திருக்கும்.

அதே 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ராம், வலென்சியா போன்ற பாசன அமைப்புகளை ஆராய்ந்தவர். நீண்டகாலம் நிலைத்தவற்றில் அவர் கண்ட பொது அம்சங்களில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று, சச்சரவைத் தீர்க்கச் செலவில்லாத, பக்கத்திலேயே இருக்கிற ஓர் இடம். இரண்டு, முதல் தவறுக்குச் சிறு தண்டனை, திரும்பச் செய்தால் கூடுதல் தண்டனை. முதல் தவறுக்கே ஆளை வெளியேற்றும் குழு, அடுத்த தவறை மறைக்கத்தான் கற்றுக்கொடுக்கும்.

அமாவாசைக் கூட்டம்

எங்கள் பக்கம் அமாவாசையன்று பலர் ஏர் பூட்டுவதில்லை. அந்த நாளைக் கூட்ட நாளாக வைத்தோம். ஏழு பேரும் வந்தோம். முதலில் ஒரே ஒரு விதி: இடைமறிக்காமல் ஒவ்வொருவரும் பேச வேண்டும்.

கொல்லைக்காரர் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அடிச்சேன். பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடந்தா. களையெடுக்க ஆள் வரல. வரப்புல மட்டும்தானேன்னு அடிச்சேன். உங்க யாருகிட்டயாவது கேட்டிருக்கலாம். கேக்கக் கூச்சமா இருந்துச்சு சார்" என்றார்.

ஆறு பேருக்கும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் மனைவி படுத்திருந்தது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். களைக்கு ஆள் அனுப்பட்டுமா என்று யாரும் கேட்கவில்லை. படம் போட்டவர் தானாகவே, "நான் உன்னைத்தான் மச்சான் முதல்ல கேட்டிருக்கணும்" என்றார். வண்டி வாடகைப் பாக்கியும் அப்போதுதான் வெளியே வந்தது.

மன்னிப்பு வேறு, விதி வேறு. நம்மை நம்பி வாங்குகிறவருக்கு நாம் உண்மையாக இருக்க வேண்டும். அந்தக் கொல்லை மீண்டும் மாறுதல் காலத்துக்குப் போனது. அதன் தார்கள் குழுவின் பெயரில் விற்பனைக்குப் போகவில்லை. அவருக்கு அது நட்டம்தான். ஆனால் அவர் குழுவில் இருக்கிறார். தண்டனை போதாது என்று நினைத்த ஒருவர் விலகிக்கொண்டார். அவர் நல்ல உழவர், எங்களுக்கு அது இழப்பு. ஆறு பேராக இருக்கிறோம்.

அன்று நோட்டில் எழுதியவற்றை உங்கள் குழுவுக்கும் உதவும் என்று தருகிறேன்:

1. மாதம் ஒரு நாள், ஒரே இடம். பிரச்சினை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடுவது.

2. சந்தேகம் வந்தால் முதலில் அந்த ஆளிடம், நேரில். அடுத்து கூட்டத்தில். டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் கூடாது.

3. "நீ ஏமாத்துற" என்று ஆளைப் பேசாமல், "வரப்புல புல் காஞ்சிருக்கு, என்ன ஆச்சு?" என்று கண்டதைக் கேட்பது.

4. சச்சரவில் சம்பந்தப்பட்டவரும் அவருடைய நெருங்கிய சொந்தமும் அந்த முடிவில் கலந்துகொள்ளாமல் இருப்பது.

5. யாருக்கு என்ன வேலை என்பதைப் பெயர் போட்டு எழுதுவது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலை கைமாறுவது.

6. ஆள் கிடைக்காதபோது மாற்றாள் வேலை. இன்று உன் கொல்லைக்கு நாங்கள், நாளை எங்கள் கொல்லைக்கு நீ.

ஆறாவதை முதலாவதாக எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. நாங்கள் ஒருவருக்கொருவர் கண்காணிப்பாளராக இருக்கக் கற்றுக்கொண்டோம், பக்கத்து வயல்காரராக இருக்க மறந்துவிட்டோம். பார்வையிட மட்டும் வயலுக்குள் வருகிற கூட்டாளியிடம் யார் உண்மை சொல்வார்கள்?

போன அமாவாசையன்று பேச எந்த வழக்கும் இல்லை. இருந்தும் கூடினோம். "பிரச்சினை எதுவும் இல்லை" என்று எழுதி ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். பிறகு அப்படியே எழுந்து அந்தக் கொல்லைக்குப் பக்கக்கன்று அறுக்கப் போனோம்.