முகமறியாதார் வினாவும் விடையும்

வினா அறுவகைப்படும் என்பது நன்னூலார் கொள்கை. தான் அறிந்ததொன்றைப் பிறன் அறிவானோவென்று சோதித்தற்பொருட்டு வினாவுதல் அறிவினா. அறியாமை நீங்குதற்கு வினாவுதல் அறியாவினா. இதுவோ அதுவோவென மயங்கி வினாவுதல் ஐயவினா. ஏனைய கொளல், கொடை, ஏவல் என்னும் மூன்றும் ஈண்டு வேண்டப்படா. இப்பாகுபாடு முழுவதும் ஒரு கருத்தின்மேல் நிற்கின்றது. வினாவுவோன் இன்னானென்று தெரிந்தாலன்றோ, அவன் வினா சோதிக்க எழுந்ததோ அறியாமையாற் பிறந்ததோ எனத் துணிதல் கூடும்? வினாவுவோன் முகம் விடைகூறுவோனுக்கும், விடைகூறுவோன் முகம் வினாவுவோனுக்கும் தெரியாதவிடத்து யாது நிகழும்? இதனை ஆராய்தற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, 1691ஆம் ஆண்டு முதல் 1697ஆம் ஆண்டு வரை இலண்டன் மாநகரில் வெளிவந்த அதீனியன் மேர்க்கூரி என்னும் சிறு பத்திரிகையாகும்.

இதனைத் தோற்றுவித்தவர் யோன் டன்ரன் என்னும் புத்தக வணிகர். இவர் 1659இற் பிறந்தவர். இவரை எவரோ ஒருவர் கொடிதாக வஞ்சித்தனராம். அதனால் மனம் புண்பட்ட டன்ரன், சமயகுரு ஒருவரிடஞ் சென்று தம் குறையைக் கூறித் தெளிவு பெற விரும்பினார். ஆயின், தம்மையும் தமக்குத் தீங்கிழைத்தவரையும் வெளிப்படுத்தாமல் அதனைக் கூறுதல் எவ்வாறு? இவ்வாறு கலங்கியிருந்த நாளில், செயின்ற் ஜோர்ஜ் வெளி என்னுமிடத்தில் நண்பர் இருவருடன் உலாவுகையில் திடீரென நின்று, தமக்கு ஓர் எண்ணம் உதித்ததென்றும், 50 கினிப் பொன் கொடுப்பினும் அதனை மாற்றிக்கொள்ளமாட்டாரென்றும் கூறினார். தம்மைப்போல் வெளிப்படக் கேட்க நாணும் மாந்தர் பலர் உளர். அவர்கள் பெயர் மறைத்து எழுதி அனுப்பின், அச்சிற் பொறித்த விடை அவர்களை வந்தடையும் என்பதே அவ்வெண்ணம்.

ஒரு வணிகரின் மனக்கலக்கத்தாற் பிறந்த இவ்வெண்ணம் வேரூன்றுதற்கு அந்நாட்டின் நிலை இடங்கொடுத்தது. கத்தோலிக்கர் தம் குற்றங்களைக் குருவின் செவியில் மறைவாகக் கூறும் பாவசங்கீர்த்தன வழக்கம், புரட்டஸ்தாந்து மதம் நிலைபெற்ற இங்கிலாந்திற் பொதுவழக்காக நிற்கவில்லை. ஆயினும் மனச்சான்றின் ஐயங்கள் அவ்வழக்கத்தோடு ஒழிந்துபோகவில்லை. ஜெரமி ரெயிலர் 1660இல் வெளியிட்டது போன்ற பெருநூல்கள் அவ்வையங்களை ஆராய்ந்தன. அவை கற்றோர்க்கன்றிக் கடைக்காரர்க்கும் பணிப்பெண்களுக்கும் பயன்படுவன அல்ல. 1689இல் நிறைவேறிய சமயப் பொறுதிச் சட்டம் திருச்சபையின் பிரிவினர் பலர்க்கு வழிபாட்டுரிமை வழங்கியது. நியூற்றனின் பிரின்சிப்பியா 1687இல் வெளிவந்து, வானத்தின் இயக்கமும் நிலத்தின் இயக்கமும் ஒரே விதிக்கு அடங்குவனவென்று காட்டியது. அதனைப் படித்து விளங்கிக்கொண்டோர் மிகச் சிலரேயாயினும், அதனைப்பற்றிக் கேள்வியுற்றோர் பலர். கோப்பிக் கடைகளோ 1652 முதல் அந்நகரில் வேரூன்றிவிட்டன. 1680இல் உவில்லியம் டொக்ரா என்பவர் தொடங்கிய தபாற் சேவையினால், ஒரு பென்னி செலவில் நகரின் எப்பகுதிக்கும் கடிதம் அனுப்பலாயிற்று. ஒரு கிண்ணம் கோப்பியின் விலை ஒரு பென்னி. பத்திரிகையின் விலையும் ஒரு பென்னியே. ஆகவே, மூன்று பென்னி உடையானொருவன் உலகத்தின் தோற்றத்தைப்பற்றி வினாவவும், அதற்குரிய விடையைக் கோப்பி அருந்தியவாறே படிக்கவும் கூடியதாயிருந்தது.

முதலிதழ் 1691 மார்ச் 17இல் வெளிவந்தது. ஆங்கில நாட்டில் அக்காலத்திற் புத்தாண்டு மார்ச் 25இலேயே தொடங்கியமையின், பழைய கணக்கில் அது 1690ஆம் ஆண்டேயாம். இரண்டு பக்கமுள்ள ஒற்றைத்தாள்; கிழமைக்கு இருமுறை வந்தது. கடிதங்கள் ஸ்ரொக்ஸ் சந்தையருகிலிருந்த சிமித்தின் கோப்பிக் கடைக்கு அனுப்பப்படல் வேண்டும். பெயரின் காரணமும் அறியத்தக்கது. ஏதென்ஸ் நகரத்தாரும் அங்குத் தங்கிய அந்நியரும் புதுமையானதொன்றைச் சொல்லுவதிலும் கேட்பதிலுமே பொழுதுபோக்கினர் என்று விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். அக்கூற்றிற் சிறிது இகழ்ச்சி தொனிப்பதையும் பொருட்படுத்தாமல், டன்ரன் அதனையே தமக்குப் பெருமையாக ஏற்றுக்கொண்டார்.

அம்முதலிதழிலேயே பத்திரிகையின் இயல்பு முழுவதும் புலனாயிற்று. நரகத்திற் படுவோரின் துன்பம் மோட்சத்திலுள்ளார்க்குத் தெரியுமோ? ஒவ்வொருவர்க்கும் நல்ல தூதனும் தீய தூதனும் உடனிருப்பரோ? இறந்து நான்கு நாட்களின் பின் உயிர்பெற்றெழுந்த லாசருவின் ஆன்மா அந்நாட்களில் எங்கிருந்தது? சந்திரனிற் களங்கம் வந்தது எங்ஙனம்? கணவன் மனைவியை அடித்தல் முறையோ? இவையனைத்தும் ஒரே தாளில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. இவற்றை இறைநூல், இயற்கைநூல், இல்லறம் என மூவகையாகப் பிரித்தல் பிற்காலத்தார் வழக்கம். கடிதம் எழுதியவர்க்கோ அவை யாவும் ஒரே வகையின. உறக்கம் வராத இரவில் ஒருவன் உள்ளத்தில் எழும் ஐயங்கள் வகுப்புவாரியாக எழுவதில்லையன்றோ?

நம்பிக்கையும் விஞ்ஞானமும் எவ்வளவு நெருங்கிப் பின்னிக் கிடந்தன என்பதற்கு ஒரு வினாவை நோக்குதல் போதும். நோவாவின் காலத்துப் பிரளய வெள்ளம் பின்னர் எங்கே சென்றது என்று ஒருவர் வினாவினார். இஃது எள்ளிநகையாடும் வினாவென்று கொள்ளற்க. தோமஸ் பேணெற் என்னும் குருவானவர் 1681இல் இலத்தீனிலும், பின்னர் ஆங்கிலத்திலும் வெளியிட்ட நூலில், மலைமுடிகளும் மூழ்குதற்கு எட்டுக் கடல்களின் நீராவது வேண்டுமென்று கணக்கிட்டிருந்தார். அவ்வளவு நீர் நிலத்தின் மேற்பரப்பில் இல்லாமையால், ஆதியில் மென்மையான ஓடுபோன்றிருந்த நிலம் பிளந்து உள்ளிருந்த நீர் பொங்கியதென்று அவர் கருதினார். வேதத்தை மெய்ப்பிக்கும் நோக்கத்துடனேயே அளவுகோலைக் கையிலெடுத்தார். எடுத்தபின் அளவுகோல் தன் போக்கில் வினவத் தொடங்கிற்று. ஆகவே வெள்ள நீரைப்பற்றி வினாவியவர் பத்தராகவும் இருக்கலாம், நாத்திகராகவும் இருக்கலாம், கணக்கிற் பற்றுடைய வேறொருவராகவும் இருக்கலாம். அறிவினாவோ, அறியாவினாவோ, ஐயவினாவோ எனத் துணிதற்கு முகம் இல்லை.

தூக்கணம் முதலிய பறவைகள் பனிக்காலத்தில் எங்குச் செல்கின்றன என்பதும் வாசகர் வினாக்களுள் ஒன்று. பத்திரிகையாசிரியருள் ஒருவரான சாமுவேல் வெஸ்லி இளமையிற் பயின்ற கல்விக்கழகத்தின் தலைவர் சாள்ஸ் மோற்றன். அப்பெரியார் இப்பறவைகள் சந்திரமண்டலத்துக்குப் பறந்துசெல்கின்றனவென்று வாதித்து ஒரு நூலே எழுதினார்! வினாவியோர் அறியாதார் என்றால், விடைகூற வந்தோரின் ஆசிரியர் நிலையும் அதுவாயிருந்தது.

மனைவியை அடித்தல்பற்றிய வினாவுக்கு வந்த விடை நேருமன்று, மறையுமன்று. ஆமென்றுரைத்தால் பெண்பாலார் வருந்துவர் என்று தொடங்கி, மனைவி கணவன் உடலின் ஒரு பகுதியே என்றும், நோயுற்ற உறுப்பை அறுக்கவேண்டிய வேளையும் உண்டு என்றும், தன்னுடலை அறுக்குங்கால் உண்டாகும் நோவை உணர்ந்தே கணவன் அவ்வதிகாரத்தைச் செலுத்தலாமென்றும் சுற்றிவளைத்துச் சொல்லப்பட்டது. அடிபட்ட பெண்ணொருத்தி இதனைப் படித்திருந்தால் என்ன ஆறுதல் பெற்றிருப்பாள் என்பது வேறு. எனினும் ஓரிரு மாதங்களுக்குள் பெண்ணொருத்தி, தம்பாலார் அனுப்பும் வினாக்களுக்கும் விடை கிடைக்குமோவென்று எழுதிக் கேட்டாள். அதற்கு உடன்பட்ட பத்திரிகை, திங்கள்தோறும் முதற் செவ்வாய்க்கிழமையை அவர்களின் வினாக்களுக்கென ஒதுக்கியது. மணவுறுதி கொடுத்தபின் மனம் மாறலாமோ, பெற்றோர் மறுத்தவரை மணக்கலாமோ, பெண்கள் கல்வி கற்றல் தகுமோ என்பன போன்றவை குவிந்தன. கடைசி வினாவுக்கு விடை தகுமென்பதே. அயலார்க்கும் குருவுக்கும் அஞ்சிக் கேளாத வினாவைப் பெயரில்லாக் கடிதம் கேட்டது. பின்னாளிற் புலமையாற் புகழ்பெற்ற எலிசபெத் சிங்கர் என்னும் இளம்பெண் தன் பெயரை வெளியிடாது அனுப்பிய செய்யுள்களும் இத்தாளில் இடம்பெற்றன. 1696இல் டன்ரனே அவற்றை நூலாக்கினார்.

வினாவியோர் முகம் மறைந்தமையால் விளைந்த நன்மை இது. விடைகூறியோரும் முகம் மறைத்தனர்; அதன் பயன் வேறாயிற்று. தாம் பன்னிருவர் அடங்கிய அறிஞர் சங்கமென்று அவர்கள் உலகுக்குக் காட்டிக்கொண்டனர். வேதவல்லுநர், வைத்தியர், சட்டவல்லுநர் எனப் பலரும் அதிலுளரென்று வாசகர் நம்பினர். உண்மையில் 1691 ஏப்ரில் 10இல் எழுதிய ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டோர் மூவரே: டன்ரன், கணிதம் கற்பித்துவந்த றிச்சாட் சோல்ற், டன்ரனின் மைத்துனர் முறையினரும் குருவானவருமாகிய சாமுவேல் வெஸ்லி. இவ்வெஸ்லி மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய யோன் வெஸ்லியின் தந்தை. யோன் நொறிஸ் என்னும் தத்துவ அறிஞர் இடையிடையே துணைபுரிந்தார். கையொப்பமிட்டோருள் வைத்தியர் ஒருவருமில்லை. ஆயினும் நோய்க்கு மருந்து கேட்டெழுதியோர்க்கும் விடை கிடைத்தது. நாடி பாராமல், நோயாளியையே காணாமல், கடிதத்தை மட்டும் கண்டு கூறிய மருந்து அது.

சங்கத்தின் புகழோ நாளுக்குநாள் ஓங்கியது. சாள்ஸ் கில்டன் 1692இல் அதற்கொரு வரலாறே எழுதி வெளியிட்டார். அவ்வாண்டில் இருபத்துநான்கு வயதினரான ஜொனதன் சுவிவ்ற் அச்சங்கத்தைப் புகழ்ந்து நீண்ட பாடலொன்றை அனுப்பினார்; அவர் அச்சிற் கண்ட முதற்பாடல் அதுவே. பின்னர் கலிவரின் பயணங்களில் விஞ்ஞானச் சங்கத்தாரை எள்ளி நகையாடிய அதே சுவிவ்ற், இளமையிற் கோப்பிக் கடையிலிருந்த மூவரைப் பேரறிஞர் கூட்டமென நம்பினார் என்பது சுவைதரும் செய்தி.

அதே நகரில் 1660 முதல் இயங்கிவந்த றோயல் சங்கம், எவர் சொல்லையும் சொல்லென்ற காரணத்தால் ஏற்றல் கூடாதென்னும் கருத்தைத் தன் குறிக்கோளுரையாகப் பூண்டிருந்தது. அங்கு ஒருவர் காற்றைப்பற்றிப் பேசின், வளியகற்றும் பொறியைக் கொணர்ந்து பலர் காணச் சோதனை நடத்தல் வேண்டும். மேர்க்கூரியோ பொறியைக் காட்ட இயலாது. சொல்லை மட்டுமே காட்டும். தபாலில் வந்த வினாவுக்குச் சொல்லன்றி வேறு எதனை அனுப்புவது? மறுப்புக் கடிதங்களும் வந்தன. ஆசிரியர் அவற்றிற்கும் விடையளித்தனர். எனினும், மறுத்தவர் யாரென்றும் தெரியாது. மறுக்கப்பட்டவர் யாரென்றும் தெரியாது. எனவே வழக்கில் வென்றது பெரும்பாலும் நடை வன்மையே.

இதன் தீமை எவ்வளவு ஆழமாகச் செல்லுமென்பதற்கு மற்றொரு வினா சான்று. ஆபிரிக்காவின் கறுப்பு மக்கள் இறுதித் தீர்ப்பு நாளில் அந்நிறத்துடனேயே எழுவரோவென்று ஒருவர் கேட்டார். அவர்கள் அந்நிறத்தைக் கல்லறையின் இருளில் விட்டுவிட்டு, அதனினும் சிறந்த ஒளிநிறத்துடன் எழுவர் என்று விடை வந்தது. றோயல் ஆபிரிக்கக் கம்பனியார் மனிதரைப் பிடித்து விற்று இலண்டனிற் செல்வம் குவித்துக்கொண்டிருந்த காலம் அது. விடையெழுதியவர் கொடியவரல்லர், அருள்கூர்ந்து எழுதுவதாகவே எண்ணியிருப்பார். கறுப்பு நிறம் குறையென்பதை மட்டும் அவர் ஆராயவில்லை. வாசகர் பலரும் ஆராய்ந்திலர். பன்னிரு அறிஞர் கூறினரென்று எண்ணியோர்க்கு ஆராயவேண்டிய தேவையும் தோன்றாது.

1693இல் சோல்ற் கொணர்ந்த கைப்பிரதியொன்றை டன்ரன் அச்சிட்டார். கடவுளை மறுத்த ஒருவர் சாவுப்படுக்கையில் நம்பிக்கையிழந்து அலறி மாண்ட வரலாறு என்று அது கூறிற்று. ஆறு கிழமைக்குள் 30,000 பிரதிகள் விற்றனவென்பது டன்ரன் கணக்கு. நாத்திகர்க்கு எதிரான சான்றாக மக்கள் அதனைக் கையிலேந்தினர். பின்னர் அவ்வரலாறு மெய்யன்று, புனைந்ததே எனத் தெரியவந்தது. அதில் வருணிக்கப்பட்ட வேதனை சோல்ற் அவர்களின் சொந்த மனவேதனையே என்று டன்ரன் பிற்காலத்திற் கருதினார். உண்மையாயின், தம் கலக்கத்தைப் பெயர் மறைத்துக் கூறுதற்கு டன்ரன் தேடிய வழியைச் சோல்றும் வேறொரு வகையில் தேடிக்கொண்டார் போலும்.

நூல்களை அச்சிடுமுன் உரிமம் பெறவேண்டுமென்ற சட்டம் 1695இற் காலாவதியாக, செய்தித்தாள்கள் பெருகின. மேர்க்கூரி 1696இல் இடைநின்று, மறுவாண்டில் மீண்டும் தோன்றி, 1697 யூன் 14இல் முற்றாக நின்றது. அதுவரை 580 இதழ்கள் வந்திருந்தன. தேர்ந்த வினாவிடைகள் அதீனியன் ஒறக்கிள் என்னும் பெயருடன் 1703 முதல் நூலுருப்பெற்று, பல பதிப்புகள் கண்டன. டானியல் டீபோ 1704இல் தம் பத்திரிகையிலும் வாசகர் வினாக்களுக்கு விடையளிக்கத் தொடங்கியபோது, தம் வினாத்திட்டத்தினுள் அவர் அத்துமீறிப் புகுந்து தமக்குத் தீங்கிழைத்துவிட்டாரென்று டன்ரன் 1705இல் வெளியிட்ட தன்வரலாற்றிற் குறைகூறினார். இம்முறை அவர் தம் பெயரையோ, தமக்குத் தீங்கு செய்தவர் பெயரையோ மறைக்கவில்லை.