கனரக வாகனம் நிறுத்த நிலம் தேடுதல்: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பகுதி

வாகன நிறுத்த நிலம் என்பது சரக்கு லாரி, கன்டெய்னர் டிரெய்லர், படுக்கையும் சமையல் வசதியும் கொண்ட கேரவன் போன்ற நீண்ட வண்டிகளைச் சாலைக்கு வெளியே நிறுத்த விலைக்கோ வாடகைக்கோ பெறப்படும் இடமாகும். பேச்சு வழக்கில் இது 'யார்டு' எனப்படுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டங்களுக்கு வெளியூரிலிருந்து வருவோர்க்குக் காலி இடம் நிறையக் கிடப்பதாகத் தோன்றும். ஆனால் காலியாகத் தெரியும் பல இடங்கள் ஊரின் பொதுப் பயனுக்கு ஒதுக்கப்பட்டவை, அல்லது சட்ட நிபந்தனைக்கு உட்பட்டவை. ஆகவே நிலத்தைப் பார்ப்பதோடு பதிவேட்டையும் பார்ப்பது இத்தேடலின் முதன்மையான பகுதியாகும்.

தேவை எழுந்த காரணம்

சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை 16 (பழைய எண் 5) செங்குன்றம், காரனோடை, கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் வழியாக ஆந்திர எல்லையை அடைகிறது. கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை ஆகிய இடங்களில் சிப்காட் தொழில் வளாகங்கள் உள்ளன. கிழக்கே எண்ணூரில் காமராசர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இயங்குகின்றன. ஆலை வாயிலிலோ துறைமுகத்திலோ முறை வரும்வரை வண்டி எங்காவது நின்றாக வேண்டும். இடம் இல்லாதபோது அது சாலையோரத்தில் நிற்கிறது. ஓட்டுநர் கேபினிலேயே உறங்குகிறார். விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லரின் பின்புறம் இரவில் வரும் இருசக்கர வாகனத்திற்கு உயிராபத்தாகிறது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 122-ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்தோ இடையூறோ விளையும் வகையில் பொது இடத்தில் வண்டியை விட்டுச் செல்வதைத் தடை செய்கிறது. உள்ளாட்சியைக் கலந்து நிறுத்துமிடங்களை நிர்ணயிக்கும் அதிகாரத்தை 117-ஆம் பிரிவு மாநில அரசுக்கு அளிக்கிறது. அவ்வாறான இடம் அருகில் இல்லாதவர்களே தனியார் நிலம் தேடுகின்றனர்.

எவ்வளவு இடம் வேண்டும்?

40 அடி கன்டெய்னரின் நீளம் சுமார் 12.2 மீட்டர். இழுக்கும் வண்டியையும் சேர்த்தால் 50 அடியைத் தாண்டும். எனவே ஒரு டிரெய்லர் நிற்க 60 அடி நீளமும் 12 அடி அகலமும் கொள்ளலாம். முன்னே வந்து திரும்ப மேலும் 60 அடி விட வேண்டும். நான்கு டிரெய்லர்களுக்குக் கணக்கு பின்வருமாறு:

அகலம்: 4 × 12 = 48 அடி
நீளம்: 60 + 60 = 120 அடி
பரப்பு: 48 × 120 = 5,760 சதுர அடி

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆகவே இது சுமார் 13¼ சென்ட் ஆகும். 25 அடி நீளமுள்ள ஒரு கேரவனுக்குத் திரும்பும் இடத்துடன் 2 அல்லது 3 சென்ட் போதும். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் அளவில் இருக்கும். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். அதாவது சுமார் 2.47 சென்ட்.

பரப்பு மட்டும் போதாது. வண்டி நுழையும் பாதை பொதுப் பாதையா, அடுத்தவர் வயல் வழியா என்பதைப் புலப்படத்தில் காண வேண்டும். தாழ்ந்து செல்லும் மின்கம்பிகளையும் கவனிக்க வேண்டும். பங்குனி வெயிலில் கெட்டியாகத் தெரியும் களிமண் நிலம் ஐப்பசி மழையில் சக்கரத்தை விழுங்கிவிடும். ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் வடகிழக்குப் பருவமழையில் பெருகுபவை. பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரிநீரும் கொசஸ்தலையிலேயே திறக்கப்படுகிறது. ஆகவே மழைக்காலத்தில் ஒருமுறை நிலத்தைப் பார்ப்பது நல்லது.

காலியாகத் தெரியும் நிலங்கள்

ஏரிப் புறம்போக்கு: கோடையில் வறண்ட ஏரி சமதளமான திடலாகத் தோன்றும். அது நீர்நிலை. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் அங்குள்ள ஆக்கிரமிப்பை அகற்ற வழி செய்கிறது. அங்கே மண் கொட்டி மேடாக்கினால், மழையில் நீர் ஊருக்குள் புகும்.

மேய்க்கால் புறம்போக்கு: ஊரின் ஆடுமாடுகளுக்கு உரிய மேய்ச்சல் நிலம். இதை வாடகைக்கு விட எந்தத் தனியாருக்கும் உரிமை இல்லை.

பஞ்சமி நிலம்: செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891-இல் அளித்த அறிக்கையின் விளைவாக, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு 1892 முதல் ஒப்படைக்கப்பட்ட நிலம். இன்றைய திருவள்ளூர், பொன்னேரிப் பகுதிகள் அக்காலச் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. குறிப்பிட்ட காலம்வரை இந்நிலத்தைக் கைமாற்றக் கூடாது. அதன் பின்னும் அம்மக்களுக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. மீறினால் அரசு நிலத்தைத் திரும்பப் பெறலாம்.

கோயில் நிலம்: 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி தேவை.

கழிமுகமும் கடலோரமும்: பழவேற்காடு ஏரி, எண்ணூர்க் கழிமுகம் ஆகியவற்றை ஒட்டிய நிலங்களுக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும்.

சிப்காட் மனை: ஆலை நடத்துவதற்காக நீண்டகாலக் குத்தகைக்கு அளிக்கப்படுவது. குத்தகைதாரர் தம் விருப்பப்படி பிறருக்கு உள்வாடகைக்கு விட இயலாது.

பார்க்க வேண்டிய ஆவணங்கள்

புல எண் தெரிந்தால் பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை அரசின் இணையச் சேவையில் காணலாம். நிலம் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்பதை 'அ' பதிவேடு காட்டும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம். ஆனால் அதில் பதிவான பரிமாற்றங்கள் மட்டுமே இருக்கும். பதிவாகாத ஒப்பந்தம், குடும்பப் பாகத் தகராறு போன்றவை தெரியாது.

பட்டாவில் தனியார் பெயர் இருப்பதாலேயே ஐயம் தீர்ந்துவிடாது. அது நிபந்தனையுடன் ஒப்படைக்கப்பட்ட நிலமா என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தின் பழைய பதிவேடுகளில் கேட்டறிய வேண்டும். விளைநிலத்தை யார்டாக மாற்ற நிலப் பயன்பாட்டு மாற்ற அனுமதியும் தேவைப்படும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரத்தை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும்.

முன்பணம் கொடுக்குமுன் கிராம நிர்வாக அலுவலரிடமும், அந்நிலத்தை ஒட்டிப் பயிர் செய்பவரிடமும் விசாரிப்பது இப்பகுதியில் பயன் தரும் வழக்கம். மழைநீர் எந்த வழியே ஓடும், மாடு எங்கே மேயும், யாருக்கும் யாருக்கும் வழக்கு நடக்கிறது என்பதெல்லாம் பக்கத்து நிலத்துக்காரருக்குத் தெரிந்திருக்கும்.