ஊர் கூடிச் செலுத்தும் ஓடம்

நுழையும் முன்

'ஊர் கூடித் தேர் இழுத்தல்' என்பது தமிழில் வழங்கும் மரபுத்தொடர். ஒருவரால் ஆகாத செயலை ஊரார் அனைவரும் ஒன்றுசேர்ந்து முடிப்பதை அது குறிக்கும். தேரைப் போலவே, ஊர் கூடினால்தான் நகரும் மர ஓடங்கள் தமிழ்நாட்டின் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் உள்ளன. அவை எவ்வாறு உருவாகின்றன, எவ்வாறு செலுத்தப்படுகின்றன, ஏன் இன்றும் காக்கப்படுகின்றன என்பவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

பம்பையும் ஆறன்முளையும்

பம்பை ஆறு மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி, ஏறத்தாழ 176 கிலோமீட்டர் ஓடி வேம்பநாட்டுக் காயலில் கலக்கிறது. அதன் கரையில், பத்தனம்திட்டை மாவட்டத்தில் அமைந்த ஊர் ஆறன்முளை. இங்குள்ள பார்த்தசாரதி கோயில் வைணவத் திருப்பதிகள் 108இல் ஒன்று. நம்மாழ்வார் தமிழில் பாடிய திருவாறன்விளை என்னும் தலம் இதுவே.

ஆவணி மாதத்தில் கேரள மக்கள் ஓணம் கொண்டாடுகின்றனர். அதனை அடுத்து வரும் உத்திரட்டாதி நாளில் ஆறன்முளையில் வள்ளங்களின் விழா நிகழ்கிறது. மலையாளத்தில் இதனை 'வள்ளம்களி' என்பர். அன்று பம்பையின் இருகரையிலும் மக்கள் திரண்டு நிற்பர். பாட்டொலி முதலில் கேட்கும். பின்னரே ஆற்றின் வளைவில் நீண்ட கரிய ஓடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். அவற்றின் பின்பகுதி, படம் எடுத்த நாகம்போல் வானோக்கி உயர்ந்திருக்கும். இவற்றுக்குப் 'பள்ளியோடம்' என்று பெயர். ஏறத்தாழ ஐம்பது கரையூர்கள் தத்தமக்கெனப் பள்ளியோடம் வைத்துள்ளன.

தோணியைக் காத்த கதை

இவ்விழா தோன்றிய விதம் குறித்து அவ்வூர் மக்கள் ஒரு கதை கூறுவர். ஆற்றின் மேற்பகுதியில் உள்ள காட்டூரிலிருந்து, திருவோண விருந்துக்கு வேண்டிய அரிசி, காய்கறி முதலியவற்றை ஆண்டுதோறும் ஒரு தோணியில் ஏற்றி ஆறன்முளைக் கோயிலுக்குக் கொண்டு வருவது வழக்கம். ஒருமுறை பகைவர் சிலர் வழியில் அத்தோணியை மறித்துத் தாக்கினர். செய்தி அறிந்த கரையூர் மக்கள் படகுகளில் விரைந்து சென்று அதனைக் காப்பாற்றினர். அது முதல், தோணிக்குத் துணையாகச் செல்லப் பெரிய ஓடங்களைக் கட்டினர் என்பது அக்கதை.

இக்கதையில் ஒரு செய்தி கருதத்தக்கது. கேரளத்தில் பெருவள்ளங்கள் பல இடங்களில் போட்டியிட்டு ஓடுகின்றன. ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் நடைபெறும் நேரு கோப்பைப் போட்டி அவற்றுள் புகழ்பெற்றது. 1952ஆம் ஆண்டு அங்கு வந்த தலைமையமைச்சர் நேரு, வள்ளங்களின் ஓட்டத்தைக் கண்டு மகிழ்ந்து அளித்த வெள்ளிக் கோப்பையின் பெயராலேயே அப்போட்டி வழங்குகிறது. ஆங்கே விரைவே வெற்றி. ஆறன்முளையிலும் ஓடங்கள் விரைகின்றன. ஆயினும் பாட்டின் இனிமை, துடுப்பின் ஒழுங்கு, வள்ளம் அசையும் அழகு ஆகியவற்றையே மக்கள் பெரிதும் போற்றுகின்றனர். துணைக்குச் சென்ற ஓடத்திற்கு முந்துவதைவிடச் சேர்ந்து செல்வதே கடமை அன்றோ?

மரம் ஓடமாகும் விதம்

பள்ளியோடம் ஆஞ்சிலி மரத்தால் ஆனது. பலாவின் இனத்தைச் சேர்ந்த இம்மரத்தைக் குமரி மாவட்டத்தார் 'அயினி' என்பர். ஓங்கி நேராக வளர்வதும், நீரில் எளிதில் கெடாமையும் இதன் சிறப்புகள். நூறு அடி அளவு நீளும் ஓடத்திற்கு நீண்ட பலகைகள் வேண்டும். ஆகையால் முதிர்ந்த மரங்களைத் தேடிக் கண்டறிவதே முதல் வேலை.

தச்சர்கள் அடிமரத்தை முதலில் நிலைநிறுத்துவர். பின்னர் இருபுறமும் பலகைகளை வளைத்து இணைப்பர். ஓடத்தின் முன்பகுதி அணியம் எனப்படும். பின்பகுதி அமரம் எனப்படும். அமரம் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 15 முதல் 20 அடி வரை உயர்ந்து நிற்கும். பழைய முறைப்படி மீனெண்ணெய், தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை ஆகியவற்றைக் கலந்து மரத்தின்மீது பூசுவர். இப்பூச்சு மரத்தைக் காக்கும். ஓடம் நீரில் வழுக்கிச் செல்லவும் உதவும். ஓடத்தின் கருமை நிறம் இதனால் அமைவதே.

நீண்டு ஒடுங்கிய உடல், நீரை அதிகம் தள்ளாமல் கிழித்துச் செல்லும். ஆகவே ஓடம் விரைந்து செல்ல முடிகிறது. ஆனால் அந்த நீளமே ஓடத்தைத் திருப்புவதைக் கடினமாக்குகிறது. எனவே அமரத்தில் அனுபவம் மிக்க சிலர் நீண்ட துடுப்புகளுடன் நின்று ஓடத்தின் திசையைக் காப்பர். உயரத்தில் நிற்பதால் ஓடம் முழுவதும் அவர்கள் பார்வையில் இருக்கும்.

பாட்டு நடத்தும் பயணம்

ஒரு பள்ளியோடத்தில் நூறு பேர் அளவில் ஏறுவர். துடுப்புப் போடுவோர் இரு வரிசையாக நெருங்கி அமர்வர். ஒருவர் துடுப்புக்கும் அடுத்தவர் துடுப்புக்கும் இடையே உள்ள இடைவெளி சிறிது. ஒருவர் சற்றே முந்தினாலும் பிந்தினாலும் அவர் துடுப்பு அடுத்தவர் துடுப்பில் மோதும், வரிசை குலையும், ஓடமும் தள்ளாடும். வலிமை மிக்க ஒருவர் தனியே வேகமாகத் துழாவினால் ஓடத்திற்கு நன்மை இல்லை, தீமையே உண்டாகும்.

இத்தனை கைகளையும் ஒன்றாக இயக்குவது எது? பாட்டு. ஓடத்தின் நடுவே பாடகர்கள் நின்று ஓர் அடியைப் பாடுவர். துழாவுவோர் அனைவரும் அதனை ஏற்றுத் திரும்பப் பாடுவர். பாட்டின் தாளம் விழும் இடத்தில் எல்லாத் துடுப்புகளும் ஒருசேர நீரில் இறங்கும். தாளம் மெதுவானால் ஓடம் அன்னம்போல் நகரும். தாளம் விரைந்தால் ஓடமும் விரையும். இப்பாடல்களை 'வஞ்சிப்பாட்டு' என்பர். வஞ்சி என்பது ஓடத்தின் மற்றொரு பெயர். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இராமபுரத்து வாரியர் இயற்றிய குசேலவிருத்தம் வஞ்சிப்பாட்டு, இவ்வகையில் பெரும்புகழ் பெற்ற நூலாகும். வஞ்சிப்பாட்டைச் சிறுவர்கள் பெரியோருடன் பாடிப் பழகியே கற்கின்றனர்.

பாடிக் கேட்கும் விருந்து

ஆறன்முளையில் 'வள்ளசத்யா' என்னும் விருந்தும் புகழ்பெற்றது. நேர்ந்துகொண்டவர்கள் பள்ளியோடத்தில் வரும் ஊராரைக் கோயிலில் வரவேற்று, வாழை இலையில் உணவு படைப்பர். கறிகளும் பாயசங்களும் பிறவுமாக அறுபதுக்கும் மேற்பட்ட உணவு வகைகள் அதில் இடம்பெறும். தமக்கு வேண்டியதைத் துழாவுவோர் வாயால் கேட்பதில்லை. பாட்டாகப் பாடியே கேட்பர். பாடலில் எந்த உணவின் பெயர் வருகிறதோ அதனை விருந்தளிப்போர் உடனே பரிமாற வேண்டும். உண்போரும் படைப்போரும் சிரித்து மகிழும் நேரம் அது.

ஓடம் யாருடையது?

பள்ளியோடம் தனியொருவரின் உடைமை அன்று. அது அந்தக் கரையூர் முழுவதற்கும் உரியது. புதிய ஓடம் கட்டவும், பழையதைப் பழுது பார்க்கவும் ஊரார் பொருள் திரட்டுவர். ஆற்றங்கரையில் அதற்கெனக் கொட்டகை அமைத்து, வெயிலும் மழையும் படாமல் காப்பர். ஓடத்தைப் புனிதமாகக் கருதுவதால் காலணியுடன் அதில் ஏறமாட்டார்கள்.

பத்தனம்திட்டை மாவட்டத்தினர் பலர் வேலைக்காக வளைகுடா நாடுகளுக்கும் பிற மாநிலங்களுக்கும் சென்றுள்ளனர். ஆண்டு முழுவதும் வேறு நகரத்தில் வாழ்பவரும், விழாவுக்கு வரும்போது தம் கரையின் ஓடத்தில் அமர்ந்து துடுப்பைக் கையில் எடுக்கிறார். பாட்டு நினைவில் இருந்தால் கை தானே தாளத்தைப் பற்றிக்கொள்ளும். பாட்டை மறந்தவருக்கு ஓடத்தில் அமர இடம் கிடைத்தாலும், துடுப்பு ஒத்துழைப்பதில்லை.

எதிர்கொள்ளும் இடர்கள்

இம்மரபு இன்று இடர்கள் இன்றி இல்லை. முதிர்ந்த ஆஞ்சிலி மரங்கள் அரிதாகி வருகின்றன. பல்லாண்டுகளாக மணல் அள்ளப்பட்டதால் பம்பையின் படுகை தாழ்ந்துவிட்டது. மழை குறைந்த காலத்தில் ஆற்றில் ஓடம் மிதக்கப் போதிய நீர் இருப்பதில்லை. அப்போது மேலே உள்ள அணையிலிருந்து விழாவுக்காக நீர் திறந்துவிட வேண்டியுள்ளது. இதற்கு மாறாக, 2018 ஆகஸ்டு மாதம் பம்பை பெருவெள்ளமாகப் பொங்கி ஆறன்முளையை மூழ்கடித்தது. வீடுகளுடன் பள்ளியோடங்களும் சேதமடைந்தன. ஊரார் தம் வீடுகளைச் சீர்செய்ததோடு ஓடங்களையும் சீர்செய்தனர். 2020ஆம் ஆண்டு கொரோனா நோய்த்தொற்றால் மக்கள் கூட இயலாதபோதும், விழாவை மிக எளிய அளவில் நடத்தினர்.

ஆறு வாழ்ந்தால்தான் ஓடம் ஓடும். ஆகவே ஓடத்தைக் காப்பது என்பது மரத்தையும் மணலையும் நீரையும் காப்பதோடு சேர்ந்ததே ஆகும்.

சொல்லும் உறவும்

பள்ளியோடத்தைக் குறித்த சொற்கள் தமிழ் மாணவர்க்குப் புதியன அல்ல. பள்ளி, ஓடம் ஆகிய இரண்டும் தமிழிலும் உள்ளவை. குமரிக் கடற்கரை மீனவர் தம் படகை இன்றும் வள்ளம் என்கின்றனர். படகின் முன்பகுதியை அணியம் என்கின்றனர். மலையாளத்தில் 'துழ' என்பது துடுப்பு. தமிழில் துழாவுதல் என்கிறோம். களி என்பது அங்கே விளையாட்டு, இங்கே மகிழ்ச்சி. வங்கம், நாவாய், அம்பி, திமில், பஃறி, புணை எனப் பழந்தமிழ் இலக்கியம் நீரூர்திகளுக்குப் பல பெயர்களை வழங்குகிறது.

ஒரு மொழியும் பள்ளியோடம் போன்றதே. அதனைத் தனியொருவர் செய்யவில்லை. தனியொருவரால் செலுத்தவும் இயலாது. எந்த ஊரில் வாழ்ந்தாலும் பாட்டை மறவாதவர், திரும்பி வரும் நாளில் வரிசையில் அமர்ந்து துழாவலாம்.

அருஞ்சொற்பொருள்

அணியம் – ஓடத்தின் முன்பகுதி
அமரம் – ஓடத்தின் பின்பகுதி
காயல் – கடலையொட்டிய நீர்ப்பரப்பு
சிரட்டை – தேங்காயின் ஓடு
படுகை – ஆற்றின் அடித்தளம்
துழாவுதல் – துடுப்பால் நீரைத் தள்ளுதல்

பயிற்சி

1. பள்ளியோடம் செய்ய ஆஞ்சிலி மரத்தைத் தேர்ந்தெடுப்பது ஏன்?
2. ஓடத்தின் நீளத்தால் விளையும் நன்மை யாது? இடர்ப்பாடு யாது?
3. வலிமை மிக்க ஒருவர் தனியே வேகமாகத் துழாவினால் என்ன நேரும்?
4. 'ஆறு வாழ்ந்தால்தான் ஓடம் ஓடும்' – பாடத்திலிருந்து இரு சான்றுகள் காட்டி விளக்குக.
5. 'ஊர் கூடித் தேர் இழுத்தல்' என்னும் மரபுத்தொடரைச் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.
6. நீங்கள் வாழும் மாநிலத்தில் ஊரார் ஒன்றுகூடிச் செய்யும் விழா ஒன்றைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.
7. படகு, ஆறு, கடல் ஆகியன தொடர்பாக உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிந்த சொற்களைக் கேட்டுத் தொகுத்து, வகுப்பில் படித்துக் காட்டுக.