பிராக்கெட்டுக்குள்ள என்ன இருக்கு... கவனிச்சீங்களா?

‘வாடகை 9,000 ரூபாய் (மெயின்டனன்ஸ் தனி)’ - வீடு தேடும்போது இப்படி ஒரு மெசேஜ் வந்தால், நம் கண் முதலில் போவது 9,000-த்துக்குத்தான். ஆனால், பர்ஸைப் பதம் பார்ப்பது பிராக்கெட்டுக்குள் இருக்கும் அந்த ரெண்டு வார்த்தைதான்!

தமிழில் இதன் பெயர் அடைப்புக்குறி. ( ) பிறை போல வளைந்திருப்பதால், பிறை அடைப்பு. டச்சு அறிஞர் எராஸ்மஸும் இதற்கு ‘குட்டி நிலா’ என்று பொருள்படும் ‘லுனுலா’ என்ற லத்தீன் பெயரைத்தான் வைத்தார்.

எப்போ போடணும்?

கூடுதலாக ஒரு தகவல் சொல்லணும். அது இல்லாவிட்டாலும் வாக்கியம் நிற்கணும். அப்போ போடலாம். டெஸ்ட் ரொம்ப சிம்பிள். பிராக்கெட்டைத் தூக்கிட்டுப் படிச்சுப் பாருங்க.

‘என் தம்பி (ஐ.டி.ஐ முடித்தவன்) நாளை வருகிறான்.’ எடுத்தாலும் விஷயம் மாறலை. ஓகே!

‘சம்பளம் 25,000 ரூபாய் (ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகு).’ எடுத்தா மொத்த அர்த்தமும் மாறிடுது. இது தனி வாக்கியமாக வர வேண்டிய நிபந்தனை. இப்படி ஒரு ஆஃபர் லெட்டர் வந்தா, ‘அந்த ஆறு மாசத்துக்கு எவ்வளவு?’னு கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிட்டு கையெழுத்துப் போடுங்க.

சதுரமா இருந்தா?

[ ] - இது பகர அடைப்பு. அடுத்தவர் பேச்சை மேற்கோள் காட்டும்போது, நாம் சேர்க்கும் சொல்லுக்கானது. ‘அவர் [மேனேஜர்] வரச் சொன்னார்’ என்றால், ‘மேனேஜர்’ நம் சேர்க்கை. இங்கே பிறை அடைப்பு போட்டால், பேசியவரே அப்படிச் சொன்ன மாதிரி தெரியும்.

நம்பருக்குப் போட்டா?

கம்பெனிகளின் நிதி அறிக்கையில் (5,00,000) என்று இருந்தால் அது மைனஸ். லாபம் வர வேண்டிய இடத்தில் இப்படி இருந்தால், நஷ்டம்னு அர்த்தம். ஷேர் வாங்கப்போறவங்க நோட் பண்ணிக்கோங்க.

சாட்ல?

1982 செப்டம்பர் 19 அன்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன், ஜோக்கை ஜோக்னு காட்ட :-) போடலாம்னு யோசனை சொன்னார். அந்தச் சிரிக்கும் வாய், பாதி பிராக்கெட்தான்! அதைத் தாராளமா போடுங்க. ஆனா, ‘சாரி (நீயும்தான் திட்டின)’னு மட்டும் அனுப்பிடாதீங்க. சாரி மறந்துபோகும், பிராக்கெட் மறக்காது!