பாட்டு வந்துச்சு, தாத்தா குரல் வரல!



உங்க வீட்டு அலமாரி மேலயும் துணி போட்டு மூடின ஒரு டி.வி.டி. பிளேயர் இருக்கும். இப்போ எல்லாரும் செல்போன்லயே படம் பார்க்கிறோம், அதை யாரும் தொடுவதில்லை. ஆனால் பழைய கல்யாண டிஸ்க், காதுகுத்து டிஸ்க் எல்லாம் போட அதுதான் வேணும். அதை டி.வி.யோடும் சவுண்ட் பாக்ஸோடும் எப்படி இணைப்பது என்று எழுதுகிறேன். நான் தப்பு தப்பாய்ச் செய்துதான் கற்றுக்கொண்டேன்.

மாசி மகத்துக்கு நம்ம வைத்திக்குப்பம் கடலுக்கு மயிலம் முருகன், தீவனூர் விநாயகர், செஞ்சி ரங்கநாதர் எல்லாம் தீர்த்தவாரிக்கு வருவது உங்களுக்குத் தெரியும். சாமியோடு சொந்தக்காரங்களும் வந்துடுவாங்க. அன்றைக்குச் சாயங்காலம் வீடு நிறைய ஆள் இருக்கும்போது ஆயா, "உங்க அத்தை கல்யாண டிஸ்க்கப் போடுடி" என்றார். 2009-ல் நடந்த கல்யாணம். அதில் தாத்தா மைக் பிடித்து எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடுவாராம். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாத்தா இறந்துட்டார். அவர் குரலை நான் கேட்டதே இல்லை.

பிளேயருக்குப் பின்னால் நிறைய ஓட்டை இருக்கும், பயப்பட வேண்டாம். மஞ்சள் படத்துக்கு. வெள்ளை இடது பக்கச் சத்தம், சிவப்பு வலது பக்கச் சத்தம். இந்தப் பின்னுக்கு ஆர்.சி.ஏ. பின் என்று பேர். அமெரிக்காவில் அந்தப் பேருள்ள ரேடியோ கம்பெனி கொண்டுவந்ததாம். டி.வி.டி.யே 1996-ல்தான் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது, பின் அதைவிட ரொம்பப் பழசு! பக்கத்திலேயே பச்சை, நீலம், சிவப்பு என்று இன்னொரு மூன்று ஓட்டையும் இருக்கும். அது மூன்றுமே படத்துக்கு மட்டும். ரெண்டு இடத்திலும் சிவப்பு இருப்பதால் நான் சத்த ஒயரை அதில் சொருகிவிட்டுக் கால் மணி நேரம் முழித்தேன்.

மஞ்சள் ஒயர் டி.வி.க்கு. வெள்ளையும் சிவப்பும் சவுண்ட் பாக்ஸ் ஆம்ப்ளிஃபையருக்கு, அதில் ஆக்ஸ் என்று எழுதியிருக்கும் இடத்துக்கு. டி.வி. ஸ்பீக்கரே போதும் என்றால் மூன்றையும் டி.வி.யிலேயே சொருகலாம். எல்லாவற்றையும் கரண்டை நிறுத்திட்டுச் செய்யுங்க. பாக்ஸ் ஓடும்போது பின்னைச் சொருகினால் டம் என்று அடிக்கும், ஸ்பீக்கருக்கு நல்லதில்லை. கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல் பின்னைப் பிடித்து இழுங்க.

எங்க புது எல்.இ.டி. டி.வி.யில் மஞ்சள் ஓட்டையே இல்லை! ஏவி என்று எழுதி, இயர்போன் ஓட்டை மாதிரி ஒன்றுதான் இருந்தது. அதற்கு ஒரு முனை சின்னப் பின்னாகவும் மறுமுனை மூன்று கலராகவும் பிரியும் ஒயர் வாங்கணும். டி.வி.யோடு குடுத்ததே இருந்தால் நல்லது, ஏன்னா வெளியில் வாங்குவதில் சிலதுக்கு உள்ளே வரிசை மாறியிருக்கும். படம் போக வேண்டிய வழியில் சத்தம் போய், பாக்ஸ் கர்ர்ர் என்று கத்தும். பிறகு ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அமுக்கி ஏவி வைக்க வேண்டும். இதை மறந்துட்டு "பிளேயர் போயிடுச்சு" என்று சொல்கிறவர்கள் பாதிப் பேர்.

படம் வந்தது. நாதஸ்வரம், சினிமாப் பாட்டு எல்லாம் நல்லா கேட்டது. தாத்தா மைக் பிடித்தார், வாய் அசைந்தது, சத்தம் இல்லை! பின்னால் பாட்டு மட்டும் ஓடுது. ஆயா எதுவும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் தெருவில் திருவிழா மைக்செட்டைப் பிரித்துக்கொண்டிருந்த அண்ணனிடம் கேட்டேன். அவர், "ரெண்டு பாக்ஸும் பாடுச்சா?" என்றார். பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்ததால் எங்களுக்குத் தெரியவே இல்லை. அவர் விளக்கியது இதுதான். வீடியோ கேமராவில் சில மைக்கைச் சொருகினால் குரல் இடது பக்கத்தில் மட்டும் பதிவாகும். அப்புறம் ஸ்டூடியோவில் போடுகிற பாட்டு ரெண்டு பக்கமும் இருக்கும். வெள்ளை ஒயர் செத்துப்போனால் பாட்டு வரும், குரல் வராது. ஒயர்தான் தப்பா என்று பார்க்க, பிளேயர் பக்கம் வெள்ளை ஓட்டையில் சிவப்பு ஒயரைச் சொருகிப் பார்க்கச் சொன்னார். குரல் வலது பாக்ஸில் வந்தால் டிஸ்க்கும் பிளேயரும் சரி, வெள்ளை ஒயர்தான் குற்றவாளி.

"நம்ம ஊர் உப்புக்காத்துக்கு எந்தப் பின்னும் பச்சை புடிச்சிடும். நான் மாசத்துக்கு ஒருமுறை தேய்ப்பேன்" என்றார். அப்போதுதான் நல்லவாடு கதையையும் சொன்னார். நம்ம புதுச்சேரிக்குத் தெற்கே இருக்கிற மீனவர் ஊர் அது. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியைப் பார்த்துட்டு வீட்டுக்கு போன் பண்ணினார். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் இருந்தது. கடல் அலை எவ்வளவு உயரம் என்றெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்வதற்காக வைத்த மைக் அதில் இருந்தது. ஊர்க்காரர்கள் அதைத் திறந்து எல்லாரையும் ஓடச் சொல்லி அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின, ஆனால் ஏறத்தாழ 3,600 பேர் பிழைத்தார்கள். அந்த மைக்கின் பின் அன்றைக்குப் பச்சை பிடித்திருந்தால் என்னவாயிருக்கும் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வீட்டுக்கு வந்து ஒயரை மாற்றிச் சொருகினேன். வலது பாக்ஸில் ஒரு கரகர குரல், "யாரும் சாப்புடாம போவக் கூடாது, சொல்லிட்டேன்" என்றது. அப்படியே அப்பா குரல்! ஆயா அடுப்பை அணைக்காமலே ஓடி வந்தார்.

வெள்ளைப் பின்னைப் பார்த்தால் உள்ளெல்லாம் பச்சை. பென்சில் ரப்பரால் தேய்த்தேன், ரெண்டு நாள் வந்தது, திரும்பவும் விட்டு விட்டுக் கேட்டது. புது ஒயர் வாங்கிவிட்டோம்.

இன்னொன்றும் அந்த அண்ணன் சொன்னார். கல்யாண டிஸ்க் எல்லாம் சினிமா டிஸ்க் மாதிரி அச்சடித்தது இல்லை, சாயப் பூச்சில் லேசரால் எழுதியது. வருஷம் ஆக ஆக அந்தச் சாயம் கெடும், வெயில் பட்டால் சீக்கிரமே கெடும். எங்க டிஸ்க்கில் தாலி கட்டும் இடத்தில் ஏற்கெனவே கட்டம் கட்டமாய் நிற்குது. டி.வி.டி. டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் போட்டுப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். எங்க சித்தப்பா இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துட்டுப் போகிறார். அதுவரைக்கும் பிளேயரை யாரும் தொடக் கூடாதுன்னு, ஆயா பாயை டி.வி.க்கு முன்னாடியே விரித்துப் படுத்துக்கொள்கிறார்.